வேலி தடுக்காத புகை

2022ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி விடிந்தபொழுது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வானம் வெளுக்கவில்லை. ஞாயிறு எழுந்ததென்னவோ உண்மை. ஆனால் அது துலக்காத பித்தளைத் தட்டுப்போல ஒளி மழுங்கி, கண் கூசாமல் நேரே நோக்கத்தக்கதாய் நின்றது. உயர்ந்த பனைகளின் வட்டுகள் சாம்பல் நிறப் படலமொன்றினுள் மறைந்திருந்தன. தெருவிற் கண்டோரெல்லாம் மூடுபனி என்றனர். மூடுபனியாயின் ஈரமாக இருக்கும். பொழுது ஏறக் கலையும். இஃதோ உச்சிப்பொழுதாகியும் கலையவில்லை. தொண்டையிற் கரகரப்பையும் கண்ணில் எரிவையும் தந்துகொண்டு அப்படியே நின்றது.

அவ்வேளை வங்காள விரிகுடாவில் மாண்டஸ் என்னும் சூறாவளி உருவாகித் தமிழ்நாட்டுக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதனால் எழுந்த காற்றோட்டம், இந்தியப் பெருநிலத்தின்மீது தேங்கி நின்ற மாசுபட்ட காற்றை இலங்கையின் பக்கம் கொணர்ந்தது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் விளக்கினர். மறுநாள் நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. மழைக்கும் வெள்ளத்துக்கும் போருக்கும் பாடசாலை மூடப்படக் கண்டிருக்கிறோம். காற்றுக் கெட்டுவிட்டதென்று பாடசாலை மூடியதை நம் வாழ்நாளில் அன்றுதான் கண்டோம். கொரோனாக் காலத்து முகக்கவசங்கள் பெட்டிகளிலிருந்து மீண்டும் வெளிவந்தன. பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்த மகிழ்ச்சி. பெரியோருக்குப் பேசப் பொருள் கிடைத்த மகிழ்ச்சி. கார்த்திகை விளக்கீட்டுக்குக் கோயில்களிற் சொக்கப்பானை கொளுத்தி இரண்டொரு நாளே ஆகியிருந்தமையால், அதன் புகைதான் இன்னும் போகாமல் நிற்கிறதென்று சந்தியிலிருந்த முதியவர் ஒருவர் தீர்ப்பளித்தார். ஏனையோர் ஒருமுகமாக இந்தியாவின்மீது பழியைப் போட்டனர்.

இவ்விவாதம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த அதே மாலையில், அதே சந்தியில், கடைக்காரர் ஒருவர் தம் கடை வாசலைக் கூட்டினார். கடதாசி, பொலித்தீன் பை, உடைந்த பிளாஸ்டிக் வாளியின் துண்டு, சோற்றுப் பொதி சுற்றிய தாள் யாவும் ஓரிடத்திற் குவிந்தன. அவர் அதற்கு நெருப்பு வைத்தார். கரும்புகை எழுந்து, பேசிக்கொண்டிருந்தோரின் நடுவே புகுந்து, அப்பாலே போயிற்று. அவர்கள் சற்றே விலகி நின்றுகொண்டு, இந்தியப் புகையைப் பற்றித் தொடர்ந்து பேசினர்.

அன்று தொட்டு இந்த இரு புகைகளையும் பற்றி நாம் எண்ணாத நாளில்லை. ஒன்று கடல் கடந்து வந்தது; அதற்குப் பாடசாலைகள் மூடப்பட்டன. மற்றையது நாள்தோறும் நம் வளவிலேயே பிறக்கிறது; அதற்கு ஒரு சன்னலேனும் மூடப்படுவதில்லை.

இவ்விரண்டும் வேறுவேறு என்று கருதுவதுகூடப் பொருந்தாது. 1999ஆம் ஆண்டிற் பல நாட்டு அறிஞர்கள் மாலைதீவைத் தளமாகக் கொண்டு, கப்பல்களிலும் விமானங்களிலும் சென்று, இந்து சமுத்திரத்தின் மேலுள்ள காற்றை ஆராய்ந்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்று அமெரிக்காவிற் பெரும்புகழ் ஈட்டிய வீரபத்திரன் இராமநாதனும், இரசாயனவியலுக்கு நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் அவ்வாராய்ச்சியை முன்னின்று நடத்தினர். வாடைக்காற்று வீசும் மாதங்களில் தென்னாசியாவிலிருந்து புறப்படும் பழுப்பு நிறப் புகைப்படலம், கடல்மேல் ஆயிரம் மைலுக்கும் மேலாகப் பரந்து கிடப்பதை அவர்கள் கண்டனர். ஆலைகளும் மோட்டார் வண்டிகளும் மின்நிலையங்களும் மாத்திரம் அப்படலத்தை உண்டாக்கவில்லை. வீட்டடுப்புகளில் எரியும் விறகும் சாணமும், வயலில் எரியும் தாளும் வைக்கோலும் அதற்குத் தம் பங்கைக் கொடுத்தன. பின்னாளில் இராமநாதன், வட இந்தியக் கிராமமொன்றிற் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்துப் பயனை அளந்து பார்க்கும் திட்டமொன்றைத் தொடங்கி, அதற்குச் சூர்யா என்று பெயரிட்டார். வானத்தை அளக்கப் போனவர் அடுக்களையில் வந்து நின்றார் என்று சொல்லலாம்.

அடுக்களை என்றதும் எமக்கு எமது ஆச்சியின் குசினியே கண்முன் தோன்றுகிறது. அது வீட்டோடு ஒட்டாமல் முற்றத்தின் ஒருபுறத்தே தனித்து நின்றது. மண்சுவர்; பனையோலைக் கூரை; வாசல் ஒன்று. சன்னலென்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தது. புகை போவதற்கு அதுவே வழி. அது போகும், ஆனால் ஆறுதலாகப் போகும். போகுமுன்னர் கூரை மரங்களைக் கருக்கி, தொங்கும் உறியைக் கருக்கி, அடுப்பின் முன் குந்தியிருப்பவரின் நெஞ்சினுள்ளும் ஒருமுறை புகுந்து பார்த்துவிட்டே போகும்.

விறகைப் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குவதில்லை. பனைமட்டை, கொக்கறை, பன்னாடை, ஊமல், பொச்சுமட்டை, சிரட்டை என வளவு தருவதெல்லாம் அடுப்புக்குப் போகும். கோடையில் இவை சடசடவென்று எரியும், புகை குறைவு. மாரியிலோ எல்லாம் ஈரம் குடித்துக் கிடக்கும். ஆச்சி நிலத்திற் கையூன்றிக் குனிந்து, ஊதுகுழலை வாயில் வைத்து, மூச்சடக்கி ஊதுவார். ஊதி முடித்ததும் இழந்த மூச்சை மீட்க ஆழமாக உள்ளிழுப்பார். உள்ளே செல்வது முழுவதும் புகை. கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு மறுபடியும் குனிவார். காலைக்கு ஒருமுறை, மதியத்துக்கு ஒருமுறை, இரவுக்கு ஒருமுறை. இடையிடையே தேநீருக்கு வேறு.

அடுப்புக்கு நேர் மேலே, விதைக்கென்று வைத்த சோளப்பொத்திகளும் பயற்றங்காய்களும் கட்டித் தொங்கும். புகை பட்டால் பூச்சி அரிக்காது என்பது ஆச்சியின் அனுபவம். அது மெய்யே, ஓராண்டு சென்றாலும் அவ்விதைகள் பழுதுபடா. பூச்சிக்கு ஆகாத புகை மனிதருக்கு ஆகுமோ என்று அவ்வீட்டிற் கேட்டவர் ஒருவருமிலர்.

ஆச்சிக்கு எழுபது வயது கடந்தபின் இருமல் கண்டது. முதலிற் குளிரென்று கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்தார்கள். மாரி போய்க் கோடை வந்தும் இருமல் போகவில்லை. கிணற்றடிக்குச் சென்று வருவதற்கிடையில் இருமுறை நின்று மூச்சு வாங்குவார். நெஞ்சு நோய் பார்க்கும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் வயதில் இளைஞர். குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “ஆச்சி, நீங்கள் சுருட்டுக் குடிக்கிறனீங்களோ?” என்றார். அக்காலத்து ஆச்சிமாருட் சிலர் சுருட்டுக் குடித்தது உண்மையாதலின், கேள்வி பிழையன்று.

“இல்லைத் தம்பி. அவர்தான் குடிச்சவர். நான் கையாலயும் தொட்டதில்லை.”

“அப்ப அடுப்படியில எத்தனை வருசம்?”

“கலியாணம் கட்டின நாள் துவக்கம் நிக்கிறன். ஒரு அம்பத்தைஞ்சு வருசம் வரும்.”

வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார். “அதுதான் ஆச்சி. நீங்கள் சுருட்டுக் குடிக்கேல்லை, அடுப்பைக் குடிச்சிருக்கிறியள்.”

ஆச்சி சிரித்தார். அதன்பின் அவர் வாழ்ந்த நான்கு ஆண்டுகளும் பாயிற் படுத்து உறங்கியதில்லை. படுத்தால் மூச்சு முட்டும். சாய்மனைக் கதிரையிற் சாய்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். அடுப்பைப்பற்றி ஒரு குறையும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

அன்று அவ்வைத்தியர் விளையாட்டாகச் சொன்னதை உலகச் சுகாதார நிறுவனம் எண்களாற் சொல்கிறது. காற்று மாசினால் உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 70 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்னரே இறக்கின்றனர். வீட்டினுள் எரியும் அடுப்பின் புகையால் மாத்திரம் 2020ஆம் ஆண்டில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 32 இலட்சம். காற்றோட்டமில்லாத அடுக்களையில் நுண்துகள்களின் அளவு, தகுமென்று விதித்த அளவைப்போல நூறு மடங்காகவும் ஏறும் என்கின்றனர். மாணவர்கள் இவ்விடத்தில் அந்நுண்துகள் யாதென்று கேட்பர். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கி, அவற்றுள் இரண்டரைக் கூறு எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு குறுக்களவுடையதும் அதனினும் சிறியதுமான துகள் அது. நம் தலைமயிரின் பருமனோடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்கு. மனிதர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 முறை மூச்சு விடுகின்றனர். பருந்தூசியை மூக்கின் மயிரும் சளியும் மறித்துவிடும். இந்நுண்துகளோ காவலரைக் கடந்து நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்லும். அவற்றுள்ளும் மிகச் சிறியவை இரத்தத்தினுட் புகும். ஆதலாலேதான் புகையினால் வரும் கேடு இருமலோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பாரிசவாதம், நுரையீரற் புற்றுநோய், கருவிலுள்ள குழந்தை நிறை குறைந்து பிறத்தல் என்பவற்றிலும் அதன் கை இருக்கிறது. வெளிக்காற்றின் மாசு புற்றுநோய்க்குக் காரணமென்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2013ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது.

வீட்டடுப்புகள் பல சேர்ந்தால் ஒரு மாநகரத்தையே மூச்சுத் திணறச் செய்யும் என்பதற்கு இலண்டன் மாநகர் சான்று. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதி தொடக்கம் ஐந்து நாள்கள், குளிருக்கு அஞ்சி வீடுதோறும் எரித்த நிலக்கரியின் புகையும் ஆலைப் புகையும் மேலெழ இயலாமல் நகரின்மேற் கவிந்து நின்றன. மேலே வெப்பமான காற்று மூடிபோல் அமைந்துவிட, கீழே குளிர்ந்த காற்றோடு புகையும் சிறைப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என்று அப்போது கணித்தனர். பிற்கால ஆராய்ச்சியாளர் அத்தொகை 12,000 வரை செல்லும் என்றனர். 1956ஆம் ஆண்டு பிரித்தானியா இயற்றிய தூய காற்றுச் சட்டம் ஆலைகளின் புகைபோக்கிகளை மாத்திரமன்றி, வீட்டுக் கணப்பையும் கட்டுப்படுத்தியது. நம் குடாநாட்டுக்கு இலண்டனின் குளிரும் இல்லை, நிலக்கரியும் இல்லை. ஆயினும் மார்கழி, தை மாதத்து இரவுகளிற் காற்றசையாத வேளை, மாலையில் மூட்டிய நெருப்பின் புகை விடியும் வரை பனையின் இடுப்பளவில் ஒரு கோடுபோலத் தங்கி நிற்பதை விடியற்புறத்திற் பயணம் செய்வோர் கண்டிருப்பர்.

போர்க்காலத்துப் புகையை இங்கே சொல்லாமல் விடுதல் ஆகாது. 1990ஆம் ஆண்டின் பின் மின்சாரம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையாற் பெற்றோல் கிடைத்தற்கு அரிதாயிற்று. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சில துளி பெற்றோலை விட்டு எந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அது வெண்புகையைக் கக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடக்கும். இரவிற் பிள்ளைகள் ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் முன் குனிந்து படித்தனர். காலையில் மூக்கைச் சிந்தினாற் கருமை வரும். அப்படிப் படித்து மேல்வகுப்புத் தேறியவர்கள் இன்று பல தேசங்களில் இருக்கின்றனர். அப்புகையை அவர்கள் பெருமையாகவே நினைவுகூர்வர். நாம் அதனைக் குறைத்துப் பேசப் போவதில்லை. வேறு வழியில்லாத காலத்துப் புகை அது.

இப்போது மண்சுவர்க் குசினிகள் அருகிவிட்டன. ஆயினும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களில் முக்காற்பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. எரிவாயு அடுப்புக்கு மாறிய வீடுகளும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் சிலிண்டர் கிடைக்காமல் கோடிப்புறத்தில் மூன்று கல்லை வைத்து மீண்டும் விறகை மூட்டின. விலை ஏறியபின் அவற்றுட் சில திரும்பவேயில்லை. வறுமைக்கு உபதேசம் செய்வது எமது நோக்கமன்று. ஆனால் விறகை முதல்நாளே காயவைத்தல், அடுப்புக்கு மேற் புகைக்கூடு ஒன்று அமைத்தல், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூதாமல் இருத்தல் என்பவை பெரும்பணம் வேண்டாத காரியங்கள். வீடு கட்டும்போது விறாந்தைக்கு வழவழப்பான தரைக்கல் பதிக்க ஆயும் ஆடவர், குசினிக்குப் புகைக்கூடு வேண்டுமென்று பெண்கள் கேட்டால் மாத்திரம் மேசனின் கூலியைக் கணக்கிடத் தொடங்குவது ஏனோ, எமக்கு விளங்கவில்லை.

காற்று மாசு என்றவுடன் நம்மூர் முதியோர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைத்தான் நினைப்பர். 1950ஆம் ஆண்டிற் தோன்றி, நம் நிலத்துச் சுண்ணக்கல்லை வெட்டி எரித்துச் சீமெந்தாக்கி, பலருக்குத் தொழிலும் கொடுத்து, சுற்றுப்புறத்து இலைகளுக்கு வெண்தூசியும் பூசிய அத்தொழிற்சாலை, 1990இற் போரினால் ஓய்ந்துபோயிற்று. அதன்பின் நாம் கண்டது சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கொடுமை. மக்கள் 2015ஆம் ஆண்டிற் தெருவில் இறங்கிப் போராடினர்; வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அங்கே மின்நிலையம் நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டுமென 2019ஆம் ஆண்டிற் தீர்ப்பாயிற்று. தொழிற்சாலைக்கும் மின்நிலையத்துக்கும் ஒரு வாயில் உண்டு; பெயர்ப்பலகை உண்டு; முறையிடுவதற்கு ஒரு முகவரி உண்டு. கெட்ட நீரை ஒரு போத்தலில் எடுத்து நீதிபதிக்கும் காட்டலாம். வளவு மூலையில் எரியும் கஞ்சற் குவியலுக்கு இவற்றில் எதுவுமில்லை. அதற்கு உரியவர் நமக்கு அடுத்த வீட்டுக்காரர். நாம் அவருக்கு அடுத்த வீட்டுக்காரர்.

கஞ்சல் கொளுத்துவது நேற்று வந்த வழக்கமன்று. முற்றம் கூட்டுவதும், கூட்டியதைக் கோடியிற் குவிப்பதும், செக்கலில் அதற்கு நெருப்பிட்டு நுளம்பை ஓட்டுவதும் நம் வீடுகளின் நாளாந்த நியமங்கள். ஆனால் அந்நாளைய கஞ்சல் யாது? மாஞ்சருகு, வேப்பஞ்சருகு, பலாவிலை, இத்துப்போன கிடுகின் துண்டு. அதன் புகையும் நெஞ்சுக்கு நல்லதன்று. ஆயினும் அது ஓர் இலையின் புகை. இன்று அதே குவியலுக்குள், அதே விளக்குமாற்றால் கூட்டப்பட்டு, பிஸ்கற்றுப் பை, சவர்க்காரத் தாள், யோகட் குவளை, அறுந்த செருப்பு, பழுதான மின்கம்பி என்பன சேருகின்றன. கைக்கு வழக்கம் மாறவில்லை. நெருப்புக்கு உணவு மாறிவிட்டது. மின்கம்பியின் உறையும் சிலவகைக் குழாய்களும் குளோரின் கலந்தவை. அவை குறைந்த சூட்டில் எரியும்போது அமிலப் புகையோடு டயொக்சின் என்னும் நஞ்சும் பிறக்கிறது. உடம்பின் கொழுப்பில் தங்கிவிட்டால், அதிற் பாதி நீங்குவதற்கே ஏழு தொடக்கம் பதினொரு ஆண்டுகள் வரை செல்லும். மிஞ்சும் சாம்பல் மழையோடு நிலத்துள் இறங்குகிறது. நம் நிலமோ சுண்ணக்கற் பாறை. வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மேலே கொட்டியதைக் கிணற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி தொடக்கம், மெல்லிய பொலித்தீன் பைகளோடும் சோற்றுத் தாள்களோடும் சேர்த்து, பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதும் நாட்டிற் தடைசெய்யப்பட்டது. அச்சட்டம் நம் ஒழுங்கைக்குள் வந்து படலையைத் தட்டியதை நாம் கண்டதில்லை. கடலுக்கு அப்பால் நம் உறவினர் நாட்டிலும் இதே கதைதான். போகியன்று பழையன கழித்தல் என்று தொடங்கிய வழக்கம் டயர் எரித்தலாக வளர்ந்து, 2018ஆம் ஆண்டுப் போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்து விமானங்களையே தாமதிக்கச் செய்தன.

உண்மையிற் சருகை எரிப்பது நம் மண்ணின் பழக்கமுமன்று. குடாநாட்டுத் தோட்டக்காரன் ஒரு கிடுகையும் வீணாக்க மாட்டான். வேலியடைத்து இற்ற ஓலை, கூரை வேய்ந்து இற்ற ஓலை, பூவரசின் குழை எல்லாம் தோட்டத்து மண்ணுக்குள் தாழ்க்கப்படும். புகையிலைக்கும் வாழைக்கும் அதுவே பசளை. மூட்டை மூட்டையாக யூரியா வந்தபின் தாழ்ப்பார் குறைந்தனர், சருகு வேலையற்றதாயிற்று, வேலையற்றதை எரிக்கத் தொடங்கினர்.

இனி எமது வேலிக் கதை. யாழ்ப்பாணத்தவருக்கும் வேலிக்கும் உள்ள தொடர்பை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கதியால் ஒரு முழம் நகர்ந்தால் நிலஅளவையாளர் வருவார். அதன்பின் நியாயவாதி வருவார். வழக்கு மகன் காலத்திலும் நடக்கும். அத்தகைய நாம், வேலிக்கு மேலால் நாள்தோறும் நம் வளவுக்குட் புகும் புகைக்கு ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொன்னால் முகம் முறியும் என்ற அச்சம்.

எமக்கு அடுத்த வளவில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் யாவரும் மாஸ்ரர் என்பர். எமக்கும் கணக்குப் படிப்பித்தவர். துப்புரவில் அவரை மிஞ்ச ஒருவரில்லை. அதனாலேயே மாலைதோறும் அவர் வளவில் நெருப்பு எரியும். எம் வீட்டிலோ ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொய்வு. ஆறு மணிக்குப் புகை வேலியைக் கடக்கும். எட்டு மணிக்கு அவளுக்கு முட்டு இழுக்கத் தொடங்கும். சில இரவுகளில் நெஞ்சுக்கூடு உள்வாங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் எழுந்து தாழ, வாய்க்கு மருந்துக் குழலைப் பிடித்தபடி அவளை மடியிலிருத்தி விடிய விடிய விழித்திருந்தோம். இருமுறை நள்ளிரவில் முச்சக்கரவண்டி பிடித்து வைத்தியசாலைக்கு ஓடினோம். மாஸ்ரரிடம் எப்படிச் சொல்வது? கடிதம் எழுதலாமா, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாமா என்று வீட்டில் ஆலோசனை நடந்தது. எமது தாயார் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்த ஆச்சியின் மகள். இருமலின் ஒலியை அறிந்தவர்.

மறுநாட் காலை அவர் வெறுங் கடகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றார்.

“மாஸ்ரர், உங்கட சருகெல்லாத்தையும் ஏன் வீணாக்கிறியள்? எங்கட வாழைக்குத் தாழ்க்கத் தாருங்கோவன்.”

“சருகுக்கும் ஆள் வந்திட்டுதோ! எடுங்கோ, எடுங்கோ. நானே அள்ளித் தாறன்.”

அன்று தொடக்கம் மாலைதோறும் கடகம் வேலிக்கு மேலால் வந்தது. எமது வாழையடியில் மூன்றடி ஆழத்திற் குழி வெட்டி, சருகை இட்டு, மேலே மண்ணும் சாணமும் தூவித் தாழ்த்தோம். பொலித்தீன் கலந்திருந்தால் தாயார் அதனைப் பொறுக்கி, “மாஸ்ரர், இது உக்காது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சில கிழமைகளில் அவராகவே பொறுக்கி எடுத்து ஓர் உரப்பையிற் சேர்க்கத் தொடங்கினார். சிறுமிக்கு முட்டு அறவே நின்றதென்று சொல்லமாட்டோம். மழைக்கும் தூசிக்கும் இன்னும் வருகிறது. மருந்துக் குழலைத் தேடி எழும் இரவுகள் குறைந்தன. ஆறாம் மாதம் எமது வாழை குலை தள்ளியது. மாஸ்ரர் அதனை வேலிக்கு அப்பால் நின்று நெடுநேரம் பார்த்தார். அடுத்த நாள் கடகம் வெறுமையாகவே திரும்பி வந்தது. “இனித் தரமாட்டன், என்ரை வாழைக்கு வேணும்” என்றார்.

உரப்பை மாத்திரம் அவர் வளவு மூலையில் இன்னும் இருக்கிறது. குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் வரும் கிழமை அது வெறுமையாகும். வராத கிழமை நிரம்பி வழியும். சென்ற மாதம் தொடர்ந்து இரண்டு கிழமை வண்டி வரவில்லை. ஒருநாட் செக்கலில் மாஸ்ரர் அப்பையின் அருகே தீப்பெட்டியும் கையுமாக நிற்பதைத் தாயார் கண்டார். வேலிக்கு இப்பால் நின்று மெல்ல இருமினார். மாஸ்ரர் திரும்பிப் பார்த்தார். தீப்பெட்டியை மடியிற் செருகிக்கொண்டு, வண்டிக்காரருக்குத் தொலைபேசி எடுக்க உள்ளே போனார்.